கண்ணாடி போட்டவனுக்கு எதற்குக் கண்ணாடி?

ஊர்காவற்றுறை வேலைத்தளத்துக்குப் புதிதாக வந்திருக்கும் இளம் எஞ்சினியர் போன மாதம் என் வீட்டுக்கு வந்தார். படித்த பிள்ளை, பணிவான பிள்ளை. வேலைத்தளச் சுவரில் வரிசையாக ஆணி அடித்து, ஆளுக்கொரு காப்புக் கண்ணாடியும் காதுமூடியும் தொங்கவிட்டிருக்கிறாராம். தொழிலாளர் தொட்டும் பார்க்கிறார்கள் இல்லையாம். “ஐயா, நீங்கள் அந்தக் காலத்தில கண்ணையும் காதையும் எப்பிடிக் காப்பாத்தினனீங்கள் எண்டு எழுதித் தாங்கோ. வாசிச்சாவது திருந்தட்டும்” என்றார். அவர் அதைத் திரும்பத் திரும்பக் கத்திச் சொல்லிய பிறகுதான் எனக்கு விளங்கியது. காதைக் காப்பாற்றிய இலட்சணம் அவருக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். தெரியாதது போல் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

கண் விஷயம் வேறு. எனக்கு ஒரு கண் மிச்சம் இருக்கிறது. அது மிஞ்சிய கதையைத்தான் எழுதப் போகிறேன். வாசித்து யாராவது திருந்துவார்கள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

என் ஊர் சரவணை. சின்ன வயதில் அம்மாள் வருத்தம், அதுதான் அம்மை நோய், வந்து வலது கண்ணில் பூ விழுந்துவிட்டது. அந்தக் கண்ணால் பகல் எது, இரவு எது என்று பிரித்துச் சொல்வேன், அவ்வளவுதான். இடது கண் நல்ல கண். நல்லது என்றால், தடித்த கண்ணாடி ஒன்றைப் போட்டால் நல்லது. கழற்றினால் எதிரே வருவது பஸ்ஸா மாடா என்று சத்தத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும். ஐம்பதுகளின் பின்பாதியில் என்னை வேலைக்கு எடுத்தபோது கையைப் பார்த்தார்கள், கண்ணைப் பார்க்கவில்லை. பயிற்சிக் காலத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அரம் பிடித்தேன், கிறீஸ் பூசினேன், பெரியவர்களின் தேத்தண்ணிக் கோப்பை கழுவினேன். ஒரு நாள் நான் பிற்றர், அதாவது மெசின் பொருத்தித் திருத்துகிறவன், ஆகிவிட்டதாகச் சொன்னார்கள்.

நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் ஆட்களை ஏற்றி ஓடுகிற லோஞ்சுகளை, மோட்டார்ப் படகுகளை, கரையில் ஏற்றித் திருத்துகிற வேலைத்தளம் அது. அதன் போர்மன் செல்லத்துரையர். இரும்புத் தூளுக்கு நடுவே வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு நிற்பார், சேட்டில் ஒரு பொட்டு அழுக்கு இருக்காது. இடுப்பில் பூட்டுத் திறப்புக் கோர்வை தொங்கும். தான் பேசும்போது எங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார், பக்கத்திலிருக்கும் மெசினைப் பார்ப்பார்; நாங்கள் பேசும்போது மட்டும் கண் எங்கள் வாய்க்கு வரும். யாராவது ஒன்று கேட்டால் “ஓம், ஓம்” என்று நிதானமாகத் தலையாட்டுவார். காரியம் முடிந்தது என்று கேட்டவன் சந்தோசப்படுகிற நேரம் பார்த்து “ஏலாது” என்பார். அவரிடம் முதல் தடவை எதையாவது கேட்கப் போகிறவனின் முகத்தைப் பார்ப்பதற்கென்றே நாங்கள் வேலையை நிற்பாட்டிவிட்டு நிற்பதுண்டு.

நான் பிற்றரான அன்று அவர் இரும்பு தீட்டுகிற கிறைண்டரைப் பார்த்தபடி என்னிடம் கேட்டார்:

“நீர் கண்ணாடி போட்டிருக்கிறீர் என்ன?”

“ஓம் ஐயா.”

“அப்ப கிறைண்டருக்கு நீர்தான் சரி. மற்றவங்களுக்குக் கண்ணுக்குள்ள பொறி விழும். உமக்குக் கடவுள் பாத்துத் தந்திருக்கிறார்.”

“ஐயா, இது பாக்கிறதுக்குப் போடுற கண்ணாடி. பொறி தடுக்கிறதுக்கில்லை. பெட்டகத்துக்குள்ள காப்புக் கண்ணாடி ஒண்டு கிடக்கு, அதைத் தந்தியள் எண்டால்...”

“ஓம், ஓம்.” தலையாட்டினார். “ஏலாது. கண்ணாடி போட்டவனுக்கு எதுக்குக் கண்ணாடி?”

“எனக்கு இருக்கிறது இந்த ஒரு கண்தான் ஐயா.”

இதற்கு அவர் உண்மையாகவே யோசித்தார். “ஒரு கண்தானே? அப்ப ஆபத்தும் அரைவாசிதானே” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று தொடக்கம் கிறைண்டர் எனக்கு. என் கண்ணில் கண்ணாடி இருந்தது, ஆகவே என் கண் பத்திரமாக இருந்தது. வேலைத்தளத்தில் எல்லாரும் இதை நம்பினார்கள். சிலர் பொறாமையும் பட்டார்கள். ஏனென்றால் கிறைண்டர் இருந்தது கடல் பக்கத்து யன்னலுக்குக் கீழே. நல்ல காற்று வரும், குந்தியிருக்க ஸ்டூலும் உண்டு. மற்றவர்கள் வெயிலில் லோஞ்சுக்கு அடியில் கிடந்து வெந்தார்கள். என் கூட்டாளி நாரந்தனை அந்தோனிப்பிள்ளை, நயினாதீவுத் திருவிழாவுக்கு லோஞ்சோடு மெக்கானிக்காகப் போய் வந்தவர், அங்கே கடையில் ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கி வந்தார். அடுத்த நாள் அதைப் போட்டுக்கொண்டு போர்மனுக்கு முன்னால் நின்றார். அவர் நடிகன் மாதிரி நிற்கிறார் என்று நாங்கள் சிரித்தோம். போர்மன் சிரிக்கவில்லை. “இவருக்கும் இருக்கு” என்று என்னை எழுப்பிவிட்டு அவரை ஸ்டூலில் இருத்தினார். கறுப்புக் கண்ணாடிக்குள்ளால் கிறைண்டர் மூலையில் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. மத்தியானத்துக்கிடையில் கட்டை விரல் நகத்தில் பாதியைச் சாணை பிடித்துவிட்டு, கண்ணாடியைச் சேட்டுப் பையில் வைத்துக்கொண்டு லோஞ்சுக்கு அடியில் திரும்பிப் போனார். நான் யன்னலுக்குத் திரும்பி வந்தேன்.

கண்ணுக்கு இந்த நிலை என்றால் காதைக் கேட்க வேண்டாம். இரும்பு லோஞ்சின் வயிற்றுக்குள் இறங்கிக் குந்தியிருந்து சுத்தியலால் கறளை, இரும்புத் துருவை, தட்டி உதிர்ப்போம். கோயில் மணிக்குள் ஆளை இருத்திவிட்டு வெளியில் நின்று அடித்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். அதற்குள் கத்திப் பிரயோசனம் இல்லை. ஆகவே சத்தம் போடாமல் உதட்டை மட்டும் அசைத்துப் பேசுவோம். வேலைத்தளத்தில் எல்லாருக்கும் உதடு வாசிக்கத் தெரியும். பழக்கதோசத்தில் வீட்டிலும் சத்தமில்லாமல் வாயை அசைப்போம். என் மனைவி பாக்கியம் எனக்கு ஏதோ பிடித்துவிட்டது என்று கோயிலுக்கு நேர்த்தி வைத்தாள்.

போர்மன் எங்கள் எல்லாரையும் விட நன்றாக உதடு வாசிப்பார். காரணம் எளிது. அவருக்குக் காது எப்போதோ போய்விட்டது. அதை அவரிடம் சொல்லத் துணிந்தவர் இல்லை. ஒரு முறை அந்தோனிப்பிள்ளை காதுக்கு ஏதாவது வேண்டும் என்று கேட்டதற்கு, “காது இருக்கிறது சத்தம் கேக்கத்தானே. சத்தத்துக்குப் பயந்தவனுக்குக் காது எதுக்கு?” என்றார். வாதம் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

இப்படி இருக்கையில் கொழும்பிலிருந்து ஒரு மரப்பெட்டி வந்து இறங்கியது. உள்ளே புத்தம் புதுக் காப்புக் கண்ணாடிகள், காதுமூடிகள். செல்லத்துரையர் அவற்றை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, றப்பர் ஒட்டாமல் இருக்க முகத்துக்குப் போடுகிற பவுடரைத் தடவி, பேப்பரில் சுற்றித் தன் அறை அலுமாரியில் அடுக்கினார். சாமி படத்தை அடுக்குகிற பயபக்தியோடு அடுக்கினார். பிறகு பூட்டினார். பூட்டிவிட்டு இழுத்தும் பார்த்தார்.

“ஐயா, எங்களுக்குத் தரேல்லையோ?” என்று நான் கேட்டேன்.

“நல்ல சாமான். வேலைக்குப் போட்டால் பழுதாய்ப் போம்.”

அலுமாரி திறந்தது பரிசோதனை அதிகாரி ஒருவர் கொழும்பிலிருந்து வந்த அன்றுதான். விடியவே போர்மன் எல்லாருக்கும் பங்கிட்டார். என் முறை வந்தது. அந்தக் காப்புக் கண்ணாடி இரண்டு சின்னக் கிண்ணம் மாதிரி, கண்ணோடு ஒட்டி இருக்கும். என் மூக்குக்கண்ணாடிக்கு மேலே போட்டால் நெற்றியில் ஏறி நின்றது. அழுத்தினால் மூக்குக்கண்ணாடி மூக்கை வெட்டியது. மூச்சு விட்டால் இரண்டிலும் ஆவி படிந்தது.

“மூக்குக்கண்ணாடியைக் கழட்டிப்போட்டு இதைப் போடும்” என்றார் போர்மன்.

“கழட்டினால் எனக்கு ஒண்டும் தெரியாது ஐயா.”

“அவர் உம்மைப் பாக்கத்தான் வாறார். நீர் அவரைப் பாக்கத் தேவையில்லை.”

கழற்றினேன், போட்டேன், கிறைண்டரை ஓட்டினேன். மேசையில் தீட்டக் கிடந்த இரும்பொன்றைத் தடவி எடுத்துக் கல்லில் பிடித்தேன். பொறி பறந்தது என்று நினைக்கிறேன், சூட்டை வைத்துச் சொல்கிறேன். எனக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை உருவம் நெடுநேரம் நின்றது. இவ்வளவு கவனமாக, தலையைத் திருப்பாமல் வேலை செய்கிறவரைத் தான் கண்டதில்லை என்று அதிகாரி பாராட்டிவிட்டுப் போனாராம். போன பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கையைப் பார்த்தேன். அது செல்லத்துரையரின் உளி. அவர் தொழில் பழகிய காலத்திலிருந்து வைத்திருந்தது, விளிம்பை மட்டும் இலேசாகத் தொடச் சொல்லித் தந்தது. பென்சில் துண்டு அளவுக்கு வந்திருந்தது. அவர் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபடி நின்றார். பிறகு எல்லாருடைய காப்புக் கண்ணாடிகளையும் வாங்கி, பவுடர் தடவி, பேப்பரில் சுற்றி, அலுமாரியைப் பூட்டினார்.

இனி எழுதப் போவது சிரிக்கிற விஷயமில்லை.

சோளகக் காற்று வீசுகிற காலம். நெடுந்தீவு லோஞ்சு ஒன்றின் இரும்பு ஆப்புத் துண்டைக் கல்லில் பிடித்திருந்தேன். கல்லுக்கும் தாங்கிக்கும் இடையில் அது சிக்கி உடைந்து தெறித்தது. முகத்தில் ஓர் அடி விழுந்தது. நோவு உடனே வரவில்லை. உலகம் சிவப்பாகிப் பிறகு இல்லாமல் போயிற்று. கையை முகத்துக்குக் கொண்டுபோகும்போதே அந்தோனிப்பிள்ளை என் இரண்டு கையையும் பிடித்துவிட்டார்.

“தொடாதையும்! கசக்கினீரோ, கண் போச்சு!”

போர்மன் ஓடிவந்து குனிந்து பார்த்தது மூச்சிலிருந்து தெரிந்தது. “கண்ணாடி உடைஞ்சு போச்சே” என்றார். பிறகு, “கண்ணாடி இருந்தபடியால் தப்பினீர்” என்றார். அந்த நேரத்திலும் அவருடைய கட்சி தோற்கவில்லை.

அந்தோனிப்பிள்ளை ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கழுவித் துடைத்து, கண்ணில் படாதபடி கவிழ்த்து வைத்து, துணியால் சுற்றிக் கட்டினார். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போக மீன் ஏற்றிய லொறி ஒன்றை மறித்து ஏறினோம். பண்ணைப் பாலத்தில் லொறி குலுங்குகிற ஒவ்வொரு குலுக்கலுக்கும் கண்ணுக்குள் எதுவோ அசைந்தது. வலது கண்ணில் வெறும் வெளிச்சம் தெரிந்தது. கடல் மேல் வெயில் போல வெளிறிய வெளிச்சம். இனிச் சாகும்வரை இதைத்தான் பார்க்கப் போகிறேன் என்று நினைத்தேன். என் இரண்டு பெண் பிள்ளைகளின் முகத்தையும் ஞாபகப்படுத்திப் பார்த்தேன், ஒருத்தியின் முகம் சரியாக வரவில்லை. பயத்தில் எனக்கு அழுகை வந்தது. “அழாதையும், கண் அசையும்” என்று அந்தோனிப்பிள்ளை அதட்டினார். அதட்டியவரின் குரலும் நன்றாக இல்லை.

ஆஸ்பத்திரியில் கண் டொக்டர் என் தலையை ஒரு மணல் பையோடு சேர்த்து அசையாமல் வைக்கச் சொன்னார். கண்ணில் மருந்து விட்டார்கள், மரத்துப் போயிற்று. “மேல பாரும். இப்ப பாக்கிறதை விடாமல் பாரும்” என்றார். எதைப் பார்ப்பது? மேலே விளக்கு ஒன்று இருப்பதாக நம்பி அதைப் பார்த்தேன். ஊசி போல ஏதோ வந்து போயிற்று. பீங்கான் தட்டில் ‘டிங்’ என்று ஒரு மெல்லிய சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு அவ்வளவு மெல்லிய சத்தம் எதையும் நான் அதிகம் கேட்கவில்லை.

கட்டு அவிழ்த்த நாளில் டொக்டர் அந்தத் துண்டைக் காட்டினார். நான் அதைப் பார்த்தேன்.

“இது இரும்பில்லை, கண்ணாடி. உம்மட மூக்குக்கண்ணாடி” என்றார். “இரும்பு உம்மட கண்ணைத் தொடேல்லை. அது கண்ணாடியில அடிச்சுது, கண்ணாடி உள்பக்கமாய் உடைஞ்சு கண்ணில ஏறினது. வெள்ளைவிழியில ஏறினபடியால் தப்பினீர். எப்பன், ஒரு நூல் அளவு, தள்ளியிருந்தால் உம்மைத் தடி பிடிச்சுத்தான் கூட்டிக்கொண்டு போகவேணும். பேப்பர் வாசிக்கிற கண்ணாடியோட கிறைண்டருக்கு முன்னால இருந்தனீர், ஆர் இருத்தினது?”

நான் சொன்னேன். அவர் தாதியைப் பார்த்தார். தாதி கூரையைப் பார்த்தாள்.

“உடையாத கெட்டிக் கண்ணாடியில மூக்குக்கண்ணாடி செய்விக்கலாம். இல்லாட்டி இதுக்கு மேலால மூடிக்கொள்ளப் பெரிசாய் ஒண்டு போடவேணும். மூக்குக்கண்ணாடி பாக்க, மற்றது காக்க. ரெண்டும் வேணும்” என்றார். கெட்டிக் கண்ணாடிக்கு யாழ்ப்பாணத்துக் கடைகளில் ஏறி இறங்கினேன். வெளிநாட்டுச் சாமான் வரவு நின்றிருந்த காலம். கடைக்காரர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். உடைந்த மாதிரியே ஒன்றை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

வேலைத்தளத்துக்குத் திரும்பி, டொக்டர் சொன்னதை ஒரு சொல் விடாமல் போர்மனிடம் சொன்னேன். உடைந்தது கண்ணாடி, குத்தியது கண்ணாடி. “ஓம், ஓம்” என்று தலையாட்டினார். நன்றாக யோசிப்பதாகத் தெரிந்தது. அலுமாரி திறக்கப் போகிறது என்று நான் நினைத்தேன். மறுநாள் காலை எல்லாரையும் கூப்பிட்டு அறிவித்தார்:

“கண்ணாடியால ஆபத்து எண்டு டொக்டரே சொல்லிப்போட்டார். இண்டையில இருந்து வேர்க்சொப்புக்குள்ள ஒருத்தரும் கண்ணாடி போடக் கூடாது.”

அப்படியாக நான் கண் தப்பி வேலை இழந்தேன். கண்ணாடியோடு உள்ளே போக முடியாது, கண்ணாடி இல்லாமல் உள்ளே போய்ப் பிரயோசனம் இல்லை. வாசல் படலையடியில் கதிரை போட்டு என்னைக் காவலுக்கு இருத்தினார்கள். போகிற வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி எடுத்துக் கொடுக்கிற வேலையும் சேர்ந்து வந்தது, பழகிய வேலைதான். அடுத்த வைத்தியப் பரிசோதனையில் வேலைக்குத் தகுதியில்லை என்று ஒரு சொல் எழுதினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தில். அந்த மாதங்களில் நான் போர்மனை மனதார வெறுத்தேன்.

ஒரு நாள் அவருக்குத் தேத்தண்ணி கொண்டுபோனேன். கதவு ஒருக்களித்துக் கிடந்தது. தட்டினேன், அவருக்கு எங்கே கேட்கப் போகிறது? உள்ளே போனேன். செல்லத்துரையர் அலுமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார். கிட்டப் போகத்தான் தெரிந்தது, கையில் அளவு பார்க்கிற மைக்குரோமீற்றர். மூக்கில், வெள்ளெழுத்துக்குப் போடுகிற கண்ணாடி.

அப்போதுதான் எனக்கு எல்லாம் வெளித்தது. அளவு பார்க்க வேண்டி வந்தால் அவர் அந்த இடத்தில் பார்க்க மாட்டார். “உள்ளுக்குக் கொண்டுபோய்ப் பாத்துச் சொல்லுறன்” என்று அறைக்குப் போய் அலுமாரியைத் திறப்பார். எதையோ ஒப்பிட்டுப் பார்க்கிறார் என்று வருடக் கணக்காக மரியாதையோடு வெளியே காத்து நின்றோம். மனிதர் பவுடர் தடவிய காப்புக் கண்ணாடிகளுக்குப் பக்கத்தில் தன் கண்ணாடியை ஒளித்து வைத்து வாசித்திருக்கிறார்.

திரும்பினார். என்னைக் கண்டார். தேத்தண்ணியைப் பார்த்தார், மெசின் எதுவும் பக்கத்தில் இல்லாதபடியால் என் முகத்தையே பார்க்க வேண்டி வந்தது.

“கண்ணாடியோட உள்ளுக்கு வரக் கூடாதெண்டு சொன்னனானெல்லோ?”

“நான் கழட்டிப்போட்டுத்தான் வந்தனான், ஐயா.” உண்மையும் அதுதான், என் கண்ணாடி சேட்டுப் பையில் இருந்தது. கிட்ட நின்றபடியால் அவருடையது மட்டும் எனக்கு மினுங்கித் தெரிந்தது.

அவர் மெதுவாகக் கதிரையில் இருந்தார். “கண் போச்செண்டு தெரிஞ்சால் வீட்டை அனுப்பிப்போடுவாங்கள்” என்றார். சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது, மூக்கு முட்டக் குனிந்துதான் வாசித்தேன். “காது போனது ஒருத்தருக்கும் தெரியாது. கண்ணும் எண்டால்...”

காது போனது ஒருத்தருக்கும் தெரியாதாம். அன்று எனக்கு அவர் மேல் இருந்த வெறுப்பில் பாதி கழன்று விழுந்தது. மற்றப் பாதியை நான் பத்திரமாக வைத்திருந்தேன், தேவைப்படும் என்று. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவர்தான் சொன்னார்: “நாளைக்குக் கண்ணாடியோடயே கிறைண்டருக்கு வாரும். ஆனால் கண்ணுக்கு ஒரு வழியை நீரே பாரும். அலுமாரிச் சாமான் கேக்கக் கூடாது.”

வழி கடலுக்குள் இருந்து வந்தது. அந்தோனிப்பிள்ளையின் மைத்துனர் சங்கு குளிக்கிறவர். மூழ்கும்போது முகத்தில் போடுகிற அகலமான கண்ணாடி ஒன்று அவரிடம் பழசாகக் கிடந்தது. தடித்த கண்ணாடி, அடித்தாலும் கூரான துண்டாகச் சிதறாது. சுற்றிவரக் கறுப்பு றப்பர், தலைக்குப் பின்னால் பட்டி. மூக்கை மூடுகிற பகுதியை வெட்டி எறிந்தேன், இல்லாவிட்டால் மூச்சு முட்டும். மூக்குக்கண்ணாடியோடு போட்டுப் பார்த்தேன். காதுக்குப் போகிற இரண்டு கால்களும் றப்பரைத் தூக்கிப் பிடித்தன, இடைவெளியால் தூள் வந்தது. ஆகவே வீட்டில் கிடந்த என் பழைய மூக்குக்கண்ணாடி ஒன்றின் கால்களை அடியோடு வெட்டிவிட்டு, முன்பக்கத்தை மட்டும் சைக்கிள் ரியூப் துண்டுகளால் இறுக்கி உள்ளே பொருத்தினேன். ஆவி படிவதற்கு மைத்துனர் வைத்தியம் சொன்னார். உள்பக்கம் துப்பித் தேய்க்க வேண்டும். சங்கு குளிக்கிறவர்கள் எல்லாரும் அப்படித்தானாம். துப்பினேன், தேய்த்தேன், கிறைண்டருக்கு முன்னால் இருந்தேன்.

“சங்கு எடுக்கப் போறீரோ?” என்றார் செல்லத்துரையர்.

வேலைத்தளம் சிரித்து ஓய ஒரு கிழமை பிடித்தது.

நயினாதீவுத் திருவிழா கிட்டியது. இரும்பு லோஞ்சு ஒன்று கொடியேற்றத்துக்கு முன் தண்ணீரில் இறங்க வேண்டும். கறள் தட்ட ஆள் காணாது என்று அந்தோனிப்பிள்ளையோடு என்னையும் அதன் வயிற்றுக்குள் இறக்கினார்கள். அந்த அவசரத்தில் போர்மன் எங்கள் இரண்டு பேருக்கும் அலுமாரியிலிருந்து காதுமூடி எடுத்துத் தந்தார். தரும்போது பிள்ளையைத் தத்துக் கொடுப்பவர் போல முகத்தை வைத்திருந்தார். முதல் நாள் நான் என் வழமையான மூக்குக்கண்ணாடியோடு அதைப் போட்டேன். சத்தம் குறைந்தது என்றுதான் நினைத்தேன். தற்செயலாக இரண்டு கையாலும் மூடிகளை அழுத்தினேன். சுத்தியல் சத்தம் சட்டென்று தூரப் போயிற்று. கையை எடுத்தேன், திரும்ப வந்தது. கண்ணாடிக் கால் போகிற இடத்தால் அவ்வளவு சத்தமும் உள்ளே வந்துகொண்டிருந்திருக்கிறது. மறுநாள் சங்குக் கண்ணாடியைப் போட்டேன். அதற்குக் கால் இல்லை, பட்டி காதுக்கு மேலே போகும். மூடி தோலோடு ஒட்டி இருந்தது. அழுத்தினாலும் விட்டாலும் ஒரே அமைதி. அந்த அமைதிக்குள் என் மூச்சு எனக்குக் கேட்டது.

எஞ்சினியர் தம்பி, நீர் கேட்டதற்கு என்னிடம் இருக்கிற பதில் இவ்வளவுதான். கண்ணாடி போடுகிறவனுக்கு, மற்றவனுக்குக் கொடுப்பதையே கொடுத்துவிட்டு, அதைப் போடவில்லை என்று ஏச வேண்டாம். அவனுடைய மூக்குக்கண்ணாடியோடு சேர்த்துப் போட்டுப் பார்க்கச் சொல்லும். காதுமூடி போட்டால் கையால் அழுத்திப் பார்க்கச் சொல்லும். அழுத்தும்போது சத்தம் குறைந்தால் அது அவனுக்குச் சரியில்லை. தடித்த கண்ணாடிக் காலை மாற்றி மெல்லிய கம்பிக் கால் போடுவியும், அல்லது காதுக்குள் வைக்கிற அடைப்பான் எடுத்துக் கொடும்.

லோஞ்சு இறங்குவதற்கு முதல் நாள் கிறைண்டரில் இருந்தேன். இரும்புத் துண்டு ஒன்று திரும்பவும் தெறித்தது. அதே இடது கண்ணுக்கு நேரே வந்தது. தலை பின்னால் போய்ச் சுவரில் அடித்தது. கண்ணைத் திறக்கப் பயந்து கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். திறந்தேன். சங்குக் கண்ணாடியில் வெள்ளையாக ஒரு நட்சத்திர வெடிப்பு. அதற்குள்ளால் செல்லத்துரையரின் முகம். அவர் விரலால் அந்த வெடிப்பைத் தடவிப் பார்த்தார், உள்ளே என் கண்ணைப் பார்த்தார், பிறகு உதட்டை மட்டும் அசைத்தார்:

“எனக்கும் உப்பிடி ஒண்டு செய்து தாரும்.”

செய்து கொடுத்தேன். மைத்துனரிடம் இன்னொரு பழசு வாங்கி, அவருடைய வெள்ளெழுத்துக் கண்ணாடியை அளவாகப் பொருத்தி, இரண்டு நாள் மினக்கெட்டுச் செய்தேன். வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பவுடர் தடவி, பேப்பரில் சுற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். லோஞ்சு தண்ணீரில் இறங்கிய அன்றைக்கே எங்கள் காதுமூடிகளையும் திருப்பி வாங்கிக்கொண்டார்.

கண்ணுக்குச் சண்டை பிடித்தவன் காதுக்கு ஏன் பிடிக்கவில்லை என்று கேட்கலாம். கண்ணில் அடிபட்டால் இரத்தம் வரும், லொறி மறிப்பார்கள். காது நோகாமல் போகும். ஒருவரும் லொறி மறிக்க மாட்டார்கள். போன பிறகு மனைவி ஏசுவது கேட்காதபோதுதான் தெரியும், அதுவும் முதலில் ஒரு வசதியாகவே தெரியும்.

செல்லத்துரையர் ஓய்வுபெற்ற அன்று வேலைத்தளத்தில் பந்தல் போட்டுக் கூட்டம் வைத்தோம். மேடையில் அவரை மாலையோடு கதிரையில் இருத்தியிருந்தோம். பெரிய எஞ்சினியர் அவருக்கு முன்னால் நின்று, எங்களைப் பார்த்துப் பேசினார். நான் முன் வரிசையில் இருந்தேன். எனக்கும் அதற்குள் காது அவ்வளவாக இல்லை. ஆனால் கண் இருந்தது, பேசுபவரின் உதடு துப்புரவாகத் தெரிந்தது. தான் பார்த்த வேலைத்தளங்களில் இப்படி ஒரு பொறுப்பான போர்மனைக் கண்டதில்லை என்றார். கொழும்பிலிருந்து வந்த பாதுகாப்புச் சாமான் அத்தனையையும், வந்த நாளில் இருந்த மாதிரியே, ஒரு கீறல் இல்லாமல் திருப்பி ஒப்படைத்திருக்கிறார் என்றார். எல்லாரும் பலமாகக் கைதட்டினார்கள்.

செல்லத்துரையருக்கு எஞ்சினியரின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. எல்லாரும் கை தட்டுவதைக் கண்டார், ஏன் என்று தெரியவில்லை. கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்து உதட்டை அசைத்தார்:

“என்னவாம்?”

நானும் சத்தமில்லாமல் சொன்னேன்:

“காதுமூடியெல்லாம் புதுசாயே இருக்காம், ஐயா.”

“ஓம், ஓம்” என்று நிதானமாகத் தலையாட்டினார். பழக்கத்தில் அடுத்த ‘ஏலாது’வுக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. மாலையை நேராக்கிக்கொண்டு, காதால் கேட்டுவிட்ட மனிதர் போல எல்லாரையும் பார்த்துச் சிரித்தார்.